பாட்டியின் கல்லில் எந்த மொழி

9 ஏப்ரல் 1979, திங்கட்கிழமை, காலை 9.20
ஓர்ஸ்டெட், ஐயோவா
ஆஸ்டாவுக்கு எழுதும் 143ஆம் கடிதம்
பொருள்: தாத்தா பாட்டியின் கல்லறைக் கல்

ஆஸ்டா,

நேற்று மாலை நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். அந்த வாக்கியத்தை இங்கே முடித்துக்கொள்கிறேன். எழுத்தில் எவரும் என்னை இடைமறிக்க இயலாது.

நடந்தது இது. மார்ச் 29, வியாழன் இரவு வீசிய காற்றில் கல்லறைத் தோட்டத்து மேற்கு வேலியின் தேவதாரு வேரோடு சாய்ந்து, நம் தாத்தா பாட்டியின் கல்மீது விழுந்தது. கல் இரண்டாகப் பிளந்தது. பாட்டியின் பக்கம் நொறுங்கிவிட்டது. தேவாலயக் குழு புதுக் கல் வைக்க இசைந்துள்ளது. ஆனால் கல்லில் வரும் வாசகத்துக்கு உயிரோடிருக்கும் பேரப் பிள்ளைகள் அனைவரும் கையொப்பமிட வேண்டும் என்பது அவர்கள் விதி. நாம் இருவர்தாம் மிச்சம். கல்தச்சர் வெர்ஜில் ஹாட்சிடம் மே 18க்குள் வாசகம் போய்ச் சேர வேண்டும். மே 28, நினைவு நாளன்று கல் நிற்க வேண்டும்.

பழைய வாசகத்தையே மீண்டும் பொறிக்கச் சொல்லியிருக்கிறேன். 'லவுரிட்ஸ் ஸ்கவ், 1861–1934. அவர் மனைவி மாரென், 1862–1927.' ஆங்கிலத்தில். அவர் இறந்த ஆண்டைத் தவிர, பாட்டி இறந்தபோது தாத்தா தாமே எழுதிக் கொடுத்த சொற்கள் அவை. உடைந்ததைச் சீர்செய்வது நம் கடமை. திருத்தி எழுதுவது அன்று.

நீயோ பாட்டியின் பெயருக்குக் கீழே டேனிஷ் மொழியில் 'தக் ஃபோர் அல்ட்' என்று பொறிக்கச் சொல்கிறாய். எல்லாவற்றுக்கும் நன்றி. அந்தத் தோட்டத்தில் மூன்றில் ஒரு கல்லில் அச்சொற்கள் உள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் அனைவரும் இப்போது கற்களுக்குக் கீழே இருக்கிறார்கள்.

இது வெறும் கருத்து வேறுபாடு. ஆனால் நீ கடைசியாகச் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. "அந்தக் கிழவர் அவளை ஒன்பது வருஷம் ஊமையா வச்சிருந்தார்" என்றாய். எந்தக் கிழவர்? அம்மாவைப் புதைத்த மறுநாள், 3 செப்டம்பர் 1915 அன்று, அப்பா நம் இருவரையும் அந்தப் பண்ணை வாசலில் இறக்கிவிட்டு ரயில் வேலைக்குப் போனாரே, அன்று உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டவர். உன் பற்களுக்கிடையே சர்க்கரைக் கட்டியை வைத்து, தம் காப்பியைத் தட்டில் ஆற்றி உறிஞ்சக் கற்றுக்கொடுத்தவர். உனக்கு அப்போது நான்கு வயது. உனக்கு நினைவிருக்காது. எனக்கிருக்கிறது.

படிவத்தில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பு.

ஹோல்கர்

---

ஏப்ரல், ஏதோ ஒரு நாள்
போர்ட்லாந்து, ஆரிகன்

அண்ணாவுக்கு,

தேதி வேண்டுமென்றால் அஞ்சல் முத்திரையைப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதில்தானே உங்களுக்கு மகிழ்ச்சி.

சர்க்கரைக் கட்டி எனக்கும் நினைவிருக்கிறது. வேறு சிலவும் நினைவிருக்கின்றன. அந்த வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் யாரும் சட்டென்று எழுந்துவிட முடியாது, இல்லையா? சமைத்தவளைப் பார்த்து ஒவ்வொருவரும் டேனிஷில் 'சாப்பாட்டுக்கு நன்றி' சொல்ல வேண்டும். பாட்டி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து 'உடம்பில் ஒட்டட்டும்' என்பாள். அதற்குப் பிறகுதான் நாற்காலி நகரும். ஒரு நாளைக்கு மூன்று முறை. வெறும் உருளைக்கிழங்கும் கூழும்தான் என்றாலும் அவள் அதை ஒரு ராணியைப் போலச் சொல்வாள்.

ஊர்ப் போர்க் குழுவினர் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அவளைக் கூட்டிப்போய் அவமானப்படுத்தினார்களே, அன்று மாலை தாத்தா மேஜையில் உட்கார்ந்ததும் என்ன சொன்னார்? நீங்களும் இருந்தீர்கள். "இனிமே இந்த மேஜையில இங்கிலீஷ்தான். தெரியாதவங்க வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்." அந்த வீட்டில் தெரியாதவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை நான் மறந்துபோய் டேனிஷில் நன்றி சொல்லிவிட்டேன். ஏழு வயது. பாட்டியின் முகம் மலர்ந்தது. உதடு பிரிந்தது. தாத்தா கத்தியைத் தட்டில் வைத்தார். ஓங்கிக்கூட வைக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு தட்டுகளை எடுத்துப் போனாள். அப்புறம் நான் ஆங்கிலத்தில் 'தேங்க் யூ' என்றேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாதவருக்குத் தலையாட்டுவது போல அவள் தலையாட்டினாள். அவள் சாகும் வரை அந்தத் தலையாட்டல்தான்.

சட்டம் என்பீர்கள். மே 23, 1918 அன்று, ஜெர்மனியோடு போர் நடக்கிறதென்று, ஆளுநர் ஆணை போட்டார், தெருவிலும் தேவாலயத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு பேசக்கூடாது என்று. சரி. அந்த ஆணை என்றைக்குப் போயிற்று? நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்: டிசம்பர் 4, அதே வருடம். பாட்டி இறந்தது 1927 பிப்ரவரியில். நடுவில் இருந்த வருடங்களுக்கு யார் ஆணை போட்டது, தேதிக்காரரே?

அவள் என்ன குற்றம் செய்தாள்? தொலைபேசியில் தன் டேனிஷ் தோழி பெட்ரேயாவிடம் டேனிஷில் அடைக்கோழி இரவல் கேட்டாள். அதை அதே கம்பியில் இருந்த அந்தக் கிம்பர் வீட்டுக்காரி ஓப்பல் ஒட்டுக் கேட்டுப் போட்டுக்கொடுத்தாள். "ஜெர்மன்காரனுக்கு என்ன சேதி அனுப்புற?" என்று மண்டபத்தில் ஒருவன் கேட்டானாம். யாரைப் பார்த்து! ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்ட டேனிஷ் ஊரில் தன் பிள்ளையை ஜெர்மன் பள்ளியில் போடுவார்கள் என்று, நம் அப்பாவுக்கு நான்கு வயதாகும்போது சொந்த ஊரையே விட்டுக் கப்பலேறியவளைப் பார்த்து. கடலைத் தாண்டிக் காப்பாற்றிக் கொண்டுவந்த மொழியைத் தன் சாப்பாட்டு மேஜையில் பறிகொடுத்தாள்.

கல்லிலாவது அவள் வாய் திறக்கட்டும். இல்லையென்றால் கல் உடைந்தே கிடக்கட்டும். கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆஸ்டா

---

23 ஏப்ரல் 1979, திங்கட்கிழமை, காலை 8.45
ஓர்ஸ்டெட்
ஆஸ்டாவுக்கு எழுதும் 144ஆம் கடிதம்
பொருள்: 17 ஏப்ரல் முத்திரையிட்ட உன் தேதியற்ற கடிதம்

ஆஸ்டா,

ஆணை நீங்கிய தேதி சரி. மற்றவற்றுக்கு வருகிறேன்.

பாட்டி ஊமையாக இருந்தாள் என்பது பொய். காலையும் மாலையும் அவள் பேசிய பேச்சை நீ வைக்கோல் பரணிலிருந்து கேட்டிருக்கிறாய். மாடுகளுக்கு டேனிஷ் தவிர வேறு தெரியாது. 1918 ஜூலையில் ஒரு நாள், தாத்தா வேலியோரம் நின்று ஆங்கிலத்தில் அவற்றைக் கூப்பிட்டுப் பார்த்தாரே, மறந்துவிட்டாயா? ஒரு மாடுகூடத் தலை நிமிரவில்லை. மூன்று முறை கூப்பிட்டார். பிறகு முகம் சிவக்கத் திரும்பி வந்து, "போ, உன் பிள்ளைங்களை நீயே கூப்பிட்டுக்க" என்றார். பாட்டி வாளியோடு போய் ஒரு குரல் கொடுத்தாள். எல்லாம் வரிசையாக வந்தன. பால் கறக்கும் நேரமெல்லாம் அன்றைய சேதியை அவற்றிடம் சொல்லிக்கொண்டேயிருப்பாள். ரொட்டி அடிப்பிடித்தது, என் கால்சட்டை கிழிந்தது, உன் இருமல். தாத்தாவுக்கு அது தெரியும். ஒரு நாளும் தடுத்ததில்லை. கொடியவர் தடுத்திருப்பார்.

தாத்தா துல்லியமானவர். அவர் நட்ட வேலிக்கம்பங்களை நாற்பதாண்டுக்குப் பிறகு நில அளவையாளனாக நான் அளந்திருக்கிறேன். ஓர் அங்குலம் பிசகவில்லை. அத்தகையவர் சட்டத்தை அதன் எழுத்துப்படி கடைப்பிடித்தார். சட்டம் போன பிறகும் பாட்டி மௌனமாக இருந்தாள் என்றால், அது அவள் தன் விருப்பத்தால் கொண்டது. வீட்டுக்கு வெளியே அவள் ஆங்கிலம் பழகியிருக்கவும் கூடும்.

இதற்குச் சாட்சி உண்டு. நீ பழிக்கும் ஓப்பல் கிம்பருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. மாவட்டத் தலைநகரின் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு தெளிவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரே தொலைபேசிக் கம்பியில் இருந்த அண்டை வீட்டார். மாரென் ஸ்கவ் வேலிக்கு அப்பால் ஆங்கிலம் பேசினாள் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதி அனுப்புகிறேன். அதன் பின் நீ கையொப்பமிடுவாய்.

ஹோல்கர்

---

மே 2 (பாருங்கள், தேதி போட்டுவிட்டேன்)

அண்ணா,

மாடுகள்! இதுதான் உங்கள் வாதமா? ஒரு பெண்ணுக்குப் புருஷன் இருந்தான், ஒரு மகன் இருந்தான், மடியில் வளர்ந்த இரண்டு பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். பேசுவதற்கு மாடுகள் இருந்தன. அதற்காகத் தாத்தாவுக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்கள்.

அவளுடைய கடைசி வாரம், எனக்குப் பதினைந்து வயது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்க எனக்கு அவள் மொழி வரவில்லை. சொல்ல அவளுக்கு என் மொழி வரவில்லை. என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக் காட்டினாள். நாற்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன், அண்ணா. எத்தனையோ நாட்டு மனிதர்கள். எல்லோரிடமும் எப்படியாவது கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளிடம்தான் முடியவில்லை.

போய் உங்கள் சாட்சியைக் கேளுங்கள். அந்த ஒட்டுக் கேட்டவளிடம் கேட்டுக்கொண்டு வருவதை எனக்கு அனுப்ப வேண்டாம். குப்பையில்தான் போடுவேன்.

ஆ.

---

14 மே 1979, திங்கட்கிழமை, காலை 6.10
ஓர்ஸ்டெட்
ஆஸ்டாவுக்கு எழுதும் 145ஆம் கடிதம்
பொருள்: ஓப்பல் கிம்பர் சொன்னது, கல்லின் வாசகம்

ஆஸ்டா,

இதைக் குப்பையில் போடாதே. முதலில் படி, பிறகு உன் விருப்பம்.

மே 10, வியாழன் பிற்பகல் முதியோர் இல்லத்துக்குப் போனேன். ஓப்பல் கிம்பர் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஸ்கவ் வீட்டுப் பையன்தானே? இன்னும் அதே விறைப்பு. உக்காரு, கழுத்து வலிக்குது எனக்கு" என்றார்.

என் பாட்டி உங்களோடு ஆங்கிலத்தில் பேசியதுண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"இங்கிலீஷா? உங்க பாட்டியா? 'குட் மார்னிங்' சொல்றதுக்குள்ள அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கிடும். நான் சொல்லுவேன், அவங்க தலையாட்டுவாங்க. அவ்வளவுதான்."

போட்டுக்கொடுத்தது யார் என்றும் கேட்டேன், உனக்காக. "எங்க மாமியா. நான் பக்கத்துல உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தேன். ஏன் தடுக்கலைன்னு கேக்காத. அந்த வீட்டுல நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகலை, வாயைத் திறந்தா எனக்கும் சோறு கிடையாது" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "ஆனா ஒட்டுக் கேட்டது உண்மை. எல்லாரும்தான் கேப்போம். வேற என்ன இருந்துச்சு அந்தக் காட்டுல?"

அவர் கேட்டது என்ன என்பதைக் கேள். அந்த மண்டபத்து நாளுக்குப் பிறகும், தாத்தா வயலில் இருக்கும் பிற்பகல்களில், பாட்டி தொலைபேசியில் பெட்ரேயா வீட்டை அழைத்திருக்கிறாள். பேசவில்லை. இருவரும் கருவியைத் திறந்து வைத்துவிட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். இந்தச் சமையலறையில் மாவு பிசையும் சத்தம் அங்கே கேட்கும். அந்தச் சமையலறைக் கடிகாரம் இங்கே. "வேற யாராவது கம்பி வேணும்னு எடுத்தா, திட்டிட்டு வச்சிடுவாங்க. நான் திட்ட மாட்டேன். எனக்குத் தெரியும் யாருன்னு."

"டிசம்பர்ல தடை போன அன்னிக்கு அந்த பெட்ரேயா கத்தினா பாரு! ஒரு வார்த்தை புரியலை எனக்கு. சந்தோஷத்துக்கு அகராதி வேணுமா? மாரென், மாரென்னு நாலு நாள் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. உங்க பாட்டி வாயே திறக்கலை. அப்புறம் அவளும் விட்டுட்டா. பழையபடி கடிகாரச் சத்தம்தான். எனக்கு அது விளங்கவே இல்லை இன்னிக்கு வரைக்கும். சத்தியம் பண்ணினது போர் முடியற வரைக்கும்தானே?"

என்ன சத்தியம் என்றேன்.

ஆஸ்டா, அந்த மண்டபத்தில், 22 ஜூன் 1918 அன்று, நானும் இருந்தேன். உனக்குத் தெரியும். ஆனால் நான் கடைசி வரிசையில் இருந்தேன். மேஜைக்குப் பின்னாலிருந்த போர்க் குழுத் தலைவர் முணுமுணுப்பாகப் பேசியது என்னை எட்டவில்லை. மாமியாரோடு முதல் வரிசையில் இருந்த ஓப்பலுக்கு எட்டியது. 'இந்தப் போர் முடியும் வரை இந்நாட்டு மொழியன்றி வேறு பேசமாட்டேன்' என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்ல வேண்டும் என்றார் அவர். தாத்தா அதைப் பாட்டிக்கு டேனிஷில் எடுத்துச் சொன்னார். தாத்தாவின் குரல் எனக்கு எட்டியது. மண்டபம் முழுவதற்கும் எட்டியது. ஓப்பலுக்கு அந்த மொழி புரியாது. எனக்குப் புரியும். அவர் சொன்னது: "இனிமே மனுஷங்க முன்னால டேனிஷ் பேச மாட்டேன்னு ஆண்டவன் மேல ஆணையாச் சொல்லு, மாரென்."

பாட்டி கைவைத்துச் சொன்னாள். டேனிஷில் சொன்னாள்; அதைக் கேட்டு மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை ஆண்டுகளாக நான் நினைவில் வைத்திருந்தேன்.

தாத்தா சொன்னதை ஓப்பலுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"'போர் முடியற வரைக்கும்'னு சொல்லலையா அவரு?"

"இல்லை."

"பதட்டத்துல விட்டிருப்பாரு. பாவம், எத்தனை பேரு சுத்தி நின்னு சிரிச்சானுங்க."

"அன்று விட்டிருக்கலாம். டிசம்பரில்கூட அவளிடம் சொல்லவில்லையே?"



மனிதர் முன்னால் என்று ஆணையிட்டாள். எனவே மாடுகளிடம் பேசினாள். அதை நான் உனக்கு எதிராக எழுதினேன். மேஜையில் அவள் உதடு பிரிந்து மூடியது தாத்தாவின் கத்திக்கு அஞ்சி அல்ல. அவள் கடவுளுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தாள். குழு கேட்காத வாக்கை. எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றவர், ஒரே ஒரு வாக்கியத்தால் அவளை விடுவித்திருக்கலாம். காலை, மதியம், இரவு, எட்டு ஆண்டுகள் அவர் அதைச் சொல்லவில்லை. வெட்கமா? பயமா? அமைதியான மேஜை அவருக்குப் பிடித்துப்போனதா? காரணம் எனக்குத் தெரியாது. அவருக்காக ஒரு காரணத்தைத் தேடிக் கொடுக்கவும் மாட்டேன். ஓர் அங்குலம் பிசகாத மனிதர், ஆஸ்டா. அவர் எதையும் மறந்து விட்டவர் அல்லர்.

எனக்குக் கோபம் தணியவில்லை. இந்த வயதில் இது நல்லதன்று என்று மருத்துவர் சொல்வார். சொல்லட்டும்.

வெள்ளியன்று வெர்ஜில் ஹாட்சின் பட்டறைக்குப் போனேன். பழைய வாசகத்தைக் கிழிக்கச் சொன்னேன். 'அவர் மனைவி' என்பது போக வேண்டும் என்றேன். "ஸ்கவ் ஐயா, போன மாசம் 'ஒரு எழுத்தும் மாறக்கூடாது'ன்னு நீங்கதான் எனக்கு எழுதி, அதுல எழுத்துக்குக் கீழ கோடு வேற போட்டீங்க" என்றார். அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். பாட்டியின் பக்கம் டேனிஷில் மட்டும் இருக்கும், நீ கேட்ட சொற்களோடு. தாத்தாவின் பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னேன். "பாதிக் கல்லு மொட்டையா நின்னா, வர்றவன் போறவனெல்லாம் கேப்பான் ஐயா" என்றார். கேட்கட்டும் என்றேன். "உங்க தங்கச்சியும் கையெழுத்துப் போடணுமே" என்றார்.

அது உண்மை. அதனால் இதை உன்னிடம் விடுகிறேன். நீ அவரை நீண்ட காலம் வெறுத்திருக்கிறாய். அந்தக் கோபம் உனக்குப் பழகிவிட்டது. எனக்கு இது நான்கு நாள் பழையது. இந்நிலையில் நான் எழுதுவது எதுவும் கல்லில் நிற்கத் தகுந்ததாக இராது. வெறுமையே சரி என்றால் அப்படியே விடு. பெயர் மட்டும் போதும் என்றால் பெயர். 18ஆம் தேதிக்குள் வெர்ஜிலுக்கு நேரடியாகத் தொலைபேசியில் சொல். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

28ஆம் தேதி நீ வந்தால் ரயிலடிக்கு வண்டியோடு வருவேன். வராவிட்டால் கல்லைப் பற்றி எழுதுகிறேன்.

ஹோல்கர்

இணைப்புகள்:
1. பாட்டியின் பக்கத்துக்கான வாசகம், டேனிஷில். பிறந்த தேதி, இறந்த தேதி என்னால் சரிபார்க்கப்பட்டவை.
2. ஓப்பல் கிம்பர் சொன்னது, அவர் சொன்ன சொற்களிலேயே, இரண்டு பக்கம்.
3. சம்மதப் படிவம், என் கையொப்பத்துடன்.
4. தாத்தாவின் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். நீ எழுதுவதில் தேதி தவறாக இருந்தாலும் திருத்த மாட்டேன்.